மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டு: அக்ரிலிக் வண்ணங்களில் கடலடிக் காட்சி தீட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

கடலடிக் காட்சியைத் தீட்டத் தொடங்கும் பலரும் முதலில் கேன்வாஸ் முழுவதும் நீலத்தைப் பூசிவிட்டு, அது காய்ந்ததும் மீன்களையும் பவளங்களையும் அவற்றின் முழு நிறத்தில் அதன்மேல் வரைந்துவிடுகிறார்கள். மீன் அழகாக இருக்கும், பவளமும் அழகாக இருக்கும், ஆனால் இரண்டும் நீலச் சுவரில் ஒட்டிவைத்த படங்களைப் போலத் தெரியும். என்னுடைய தொடக்ககாலப் படங்கள் எல்லாவற்றிலும் இந்தக் குறை இருந்தது. காரணம் புரியச் சில ஆண்டுகள் ஆயின: நான் மீனைத் தீட்டியிருந்தேன், எனக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீரைத் தீட்டவில்லை. இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு படியும் அந்த இடைப்பட்ட தண்ணீரைக் கேன்வாஸில் கொண்டுவருவதற்கானது.

எடுத்துக்காட்டாக மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாக அமைந்த 21 தீவுகளைச் சுற்றி இந்தத் திட்டுகள் உள்ளன. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இங்கே பவளங்கள் பெரும்பாலும் மூன்று மீட்டருக்கு உட்பட்ட ஆழத்திலேயே வளர்கின்றன. ஆழம் குறைவு என்பதால் வெயில் தரைவரை இறங்கும், மணல் தெரியும், கடற்புல் தெரியும். பொழுதுபோக்காகத் தீட்டுபவருக்கு இதைவிடப் பொருத்தமான கடல் கிடைப்பது அரிது.

தூரிகையைத் தொடுவதற்கு முன்

தண்ணீர் ஒளியை ஒரே மாதிரி விழுங்குவதில்லை. சிவப்பு முதலில் மறையும், அடுத்து ஆரஞ்சு, பிறகு மஞ்சள். நீலமும் பச்சையும் நெடுந்தூரம் செல்லும். இதை ஆழத்தோடு மட்டும் தொடர்புபடுத்திப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஓவியருக்கு இன்னும் முக்கியமானது கிடைமட்டத் தொலைவு. மூன்று மீட்டர் ஆழத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் செந்நிறப் பவளத்தில் சிவப்பு ஓரளவு எஞ்சியிருக்கும். அதே ஆழத்தில் பத்து மீட்டர் தள்ளியிருக்கும் அதே பவளம் சாம்பல் கலந்த நீலமாகத்தான் தெரியும், ஏனெனில் ஒளி மேலிருந்து கீழே வந்த தூரத்தோடு அங்கிருந்து நம் கண்ணுக்கு வரும் தூரத்தையும் கடக்க வேண்டியிருக்கிறது. தூரம் கூடக்கூட நிறம் மட்டுமல்லாமல் இருளுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடும் குறையும், ஓரங்களின் கூர்மையும் மங்கும். தொலைவில் கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை என்பதை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நேரில் கண்டு தீட்டியவர்கள் உண்டு. 1866இல் மதராஸில் பிறந்த சார் பிரிட்சர்ட் என்ற ஓவியர், மூழ்குடை அணிந்து தாஹிட்டித் தீவின் கடலுக்குள் இறங்கி, நீருக்கடியிலேயே எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அவருடைய படங்களில் பாறைகள் மூட்டத்துக்குள் கரைவதுபோல இருக்கும். நம் கற்பனையில் உள்ள பளபளப்பான கடலடிக்கும் உண்மையான கடலடிக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் படங்களில் காணலாம்.

இன்னொன்று, கடல் எப்போதும் நீலமாக இருப்பதில்லை. நுண்ணிய மிதவைத் தாவரங்கள் மிகுந்த கரையோர நீர் பசுமை சாய்ந்தே இருக்கும், ஏனெனில் அவற்றிலுள்ள பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் எடுத்துக்கொள்கிறது. மன்னார் வளைகுடாவைத் தீட்டும்போது மாலத்தீவின் நீலத்தைக் கொண்டுவராமல், பச்சை கலந்த நீலத்தில் நிற்பதே உண்மைக்கு நெருக்கமானது.

பொருட்கள்

12க்கு 16 அங்குலக் கேன்வாஸ் போர்டு தொடக்கத்துக்குப் போதும். வண்ணங்களில் தாலோ ப்ளூ, தாலோ கிரீன், அல்ட்ராமரைன் ப்ளூ, டைட்டானியம் ஒயிட், லெமன் எல்லோ, எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, கிரிம்சன் ஆகிய எட்டும் இருந்தால் இந்தப் படத்தை முடித்துவிடலாம். கறுப்பு வேண்டாம். தாலோ வண்ணங்கள் மிகுந்த வீரியம் உடையவை என்பதால், வெள்ளையில் கலக்கும்போது கடுகளவு எடுத்துத் தொடங்குங்கள்; வெள்ளையை நீலத்தில் சேர்க்கத் தொடங்கினால் பாதி டியூப் வெள்ளை வீணாகும்.

தூரிகைகளில் ஒரு அங்குலப் பட்டைத் தூரிகை ஒன்று, அரை அங்குலப் பட்டை ஒன்று, 4ஆம் எண் உருண்டை ஒன்று, நீண்ட மயிருள்ள மெல்லிய லைனர் ஒன்று, முனை கலைந்த பழைய முரட்டுத் தூரிகை ஒன்று. அவற்றுடன் ஒரு துண்டு ஸ்பாஞ்ச், பழைய பல் துலக்கும் பிரஷ், நீர்த்தெளிப்பான், துவைத்துத் துவைத்து மென்மையான பருத்தி வேட்டித் துணி. வண்ணத்தை ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சாக மாற்றும் திரவமான கிளேசிங் மீடியம் ஒரு சிறு புட்டி கட்டாயம் வாங்குங்கள். மெல்லிய பூச்சுக்குத் தண்ணீரை மட்டும் நம்பினால், வண்ணத்தைப் பிணைத்துவைக்கும் பாலிமர் அளவுக்கு மீறி நீர்த்துப்போய்ப் பூச்சு பலவீனமாகும்.

நம் ஊர் வெயிலில் அக்ரிலிக், வண்ணம் கலக்கும் தட்டான பேலட்டிலேயே காய்ந்துவிடும். ஒரு தட்டையான டிபன் டப்பாவில் நனைத்த டிஷ்யூ தாளை நான்காக மடித்து விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பரை வைத்து, அதில் வண்ணங்களைப் பிழிந்துகொள்ளுங்கள். மூடிவைத்தால் மறுநாளும் அதே கலவையைத் தொடரலாம். தீட்டும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிடுவது அவசியம்.

தளத்தைத் தயார் செய்தல்

கடையில் வாங்கிய போர்டில் ஏற்கெனவே ஜெஸ்ஸோ என்ற வெண்ணிற அடிப்பூச்சு பூசியிருந்தாலும், மேலும் ஒரு கோட் பூசி, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். கேன்வாஸின் நெசவு துருத்திக்கொண்டிருந்தால், நீரின் மென்மையான நிறமாற்றம் ஒருபோதும் சரியாக வராது.

பிறகு ஒரு சிறு தாளில் மூன்றே சாயல்களில் படத்தின் அமைப்பை வரைந்து பாருங்கள்: ஒளிமிக்க நீர், நடுத்தர மங்கலில் தொலைவுத் திட்டு, இருள் மிகுந்த முன்புறப் பவளம். நம் படத்தில் ஒளி இடது மேல் பகுதியிலிருந்து வருகிறது. வலப்புறம் முன்னே பெரிய பவளக் கூட்டம் ஒன்று. இடப்புறம் மணலும் கடற்புல்லும். இவற்றுக்கு நடுவே திறந்த நீர். அந்தத் திறந்த நீரின் விளிம்பில் ஒரு கிளிமீன். இந்த அமைப்பைச் சாக்பீஸ் பென்சிலால் போர்டில் குறித்தால் பின்னர் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

நீரைத் தீட்டுதல்

படத்தின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது, ஆகவே இதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். முதலில் நான்கு கலவைகளைத் தாராளமாகத் தயார் செய்யுங்கள். பாதியில் தீர்ந்துபோன கலவையை அதே சாயலில் மீண்டும் உருவாக்குவது மிகக் கடினம். முதலாவது, வெள்ளையில் கடுகளவு தாலோ கிரீனும் அதைவிடச் சற்றே கூடுதலாக லெமன் எல்லோவும். இரண்டாவது, வெள்ளையில் தாலோ ப்ளூவும் தாலோ கிரீனும் சம அளவில். மூன்றாவது, அதே கலவையில் வெள்ளையைப் பாதியாகக் குறைத்தது. நான்காவது, தாலோ ப்ளூவும் அல்ட்ராமரைனும் சேர்ந்த கலவையில் சிறிது பர்ன்ட் சியன்னா. இது நீலத்தின் கூச்சலை அடக்கி ஆழம் தரும்.

போர்டின் மீது லேசாக நீர் தெளித்துவிட்டு, இடது மேல் மூலையில் முதல் கலவையை இட்டு, அதைச் சுற்றி வில்போல இரண்டாவதையும், அதற்கு வெளியே மூன்றாவதையும் இடுங்கள். நான்காவது வலது மேல் மூலையிலும், பவளக் கூட்டத்துக்குப் பின்னாலும் மட்டும் வரட்டும். இப்போது தூரிகையைக் கழுவி, துணியில் ஒற்றி, ஈரம் மட்டும் எஞ்சியிருக்கும் நிலையில், இரு கலவைகள் சந்திக்கும் இடங்களில் பெருக்கல் குறிபோலக் குறுக்கும் நெடுக்குமாகச் சிறுசிறு வீச்சுகளால் இழையுங்கள். வெளிச்சத்திலிருந்து இருளை நோக்கியே செல்லுங்கள். வண்ணம் தூரிகையை இழுக்கத் தொடங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள், ஏனெனில் பாதி காய்ந்த அக்ரிலிக்கை மேலும் தேய்த்தால் அது உரிந்து வந்துவிடும். காய்ந்த பிறகு இன்னொரு கோட் அடிக்கலாம்; முதல் கோட்டில் எந்த இழைவும் முழுமையாக வராது, வர வேண்டியதும் இல்லை.

அக்ரிலிக் ஈரத்தில் இருப்பதைவிடக் காய்ந்தபின் சற்று இருண்டு தெரியும், ஏனெனில் பாலிமர் பால்மம் ஈரத்தில் வெண்மையாக இருந்து, காயும்போது தெளிகிறது. எனவே ஒவ்வொரு கலவையையும் ஒரு துண்டுத் தாளில் தடவிக் காயவைத்துப் பார்த்துவிட்டு இடுவது நல்லது.

படத்தின் கீழ்ப்பகுதியை இருட்டாக்கும் பழக்கத்தை இந்தக் காட்சியில் விட்டுவிட வேண்டும். ஆழ்கடலுக்கு அது பொருந்தும். ஆழம் குறைந்த திட்டில் வெண்மணல் வெளிச்சத்தை மேல்நோக்கித் திருப்பி அனுப்புவதால், தரையை ஒட்டிய நீர் வெளிறியே இருக்கும்.

நீரின் மேற்பரப்பைக் கீழிருந்து பார்க்கும்போது எப்படி இருக்கும் என்பதிலும் பெரும்பாலான படங்கள் தவறுகின்றன. நேர் மேலே நிமிர்ந்து பார்த்தால், ஏறத்தாழ 97 பாகை விரிவுள்ள ஒரு வட்டத்துக்குள் வானம் முழுவதும் சுருங்கித் தெரியும். அந்த வட்டத்துக்கு வெளியே மேற்பரப்பு ஒரு கண்ணாடியாகி, கடலடியையே பிரதிபலிக்கும். நாம் தீட்டுவது நேர் முன்னே பார்க்கும் காட்சி என்பதால் மேல் விளிம்பில் வானமோ மேகமோ வராது. தரையின் பச்சை நீலமே அலைநெளிவுகளாக அங்கே தெரியும், ஆங்காங்கே வெள்ளிக் கீற்றுகள் மின்னும். மூன்றாவது கலவையில் கிடைமட்டமான, ஒன்றோடொன்று ஒட்டாத நெளிவுகளை இட்டு, அவற்றில் சிலவற்றின் மேல்விளிம்பில் மட்டும் முதல் கலவையைத் தொட்டுவிட்டால் போதும்.

ஒளிக்கதிர்கள்

பின்புலம் நன்றாகக் காய்ந்த பிறகே இதில் இறங்குங்கள். கேன்வாஸுக்கு வெளியே, இடது மேல் பக்கத்தில், ஒரு புள்ளியை மேசையில் குறித்துக்கொண்டு எல்லாக் கதிர்களும் அதிலிருந்தே விரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கிளேசிங் மீடியத்தில் வெள்ளையும் துளி லெமன் எல்லோவும் கலந்து, கலவை பேலட்டில் ஏறக்குறையத் தெரியாத அளவுக்கு மெல்லியதாக்குங்கள். அரை அங்குலப் பட்டைத் தூரிகையின் விளிம்பால் மேலிருந்து கீழே இழுத்து, கீழே வரவர அழுத்தத்தைக் குறைத்து, காயும் முன் வேட்டித் துணியால் ஒரு பக்க ஓரத்தை மட்டும் ஒற்றிவிடுங்கள். ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் கரைந்தும் இருக்கும் கதிரே இயல்பாகத் தெரியும். நான்கு அல்லது ஐந்து கதிர்கள் போதும். அகலங்களும் இடைவெளிகளும் சமமாக இருந்தால் மேடை விளக்குபோல ஆகிவிடும்.

தொலைவிலிருந்து அருகே

இனி பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். தொலைவுத் திட்டுக்குத் தனி நிறம் கலக்காதீர்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே உள்ள நீரின் கலவையை எடுத்து, அதில் கடுகளவு நான்காவது கலவையைச் சேர்த்து, பின்புலத்தைவிட ஒரு படி மட்டும் இருளாக்கி, விவரமே இல்லாத வெறும் உருவரையாக இட்டு, ஓரங்களை ஈர விரலால் கரைத்துவிடுங்கள். நடுத்தொலைவுப் பாறைகளுக்கு நீர்க் கலவையில் பாதியும் பவளத்தின் நிறத்தில் பாதியும். முன்புறப் பவளத்துக்கு மட்டுமே முழு நிறம். இந்த மூன்று நிலைகளுக்கும் பொதுவாக ஓடும் நீர்க் கலவைதான் அவற்றை ஒரே கடலுக்குள் வைத்திருக்கிறது.

முன்புறப் பவளங்களில் மான்கொம்புப் பவளம் ஒன்றை முழுமையாகத் தீட்டிப் பார்ப்போம். முதலில் அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா, துளி கிரிம்சன் ஆகியவற்றைக் கலந்து கிட்டத்தட்டக் கருமையான ஊதாப் பழுப்பை உருவாக்கி, புதர் முழுவதையும் ஒரே இருண்ட திரளாக நிரப்புங்கள். அது காய்ந்ததும், எல்லோ ஓக்கரும் பர்ன்ட் சியன்னாவும் சிறிது வெள்ளையும் சேர்ந்த பழுப்பில், உருண்டைத் தூரிகையால் கிளைகளை அடியிலிருந்து நுனிக்கு இழுங்கள்; சில கிளைகள் நம்மை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றைக் குட்டையாகவும் தடித்த நுனியோடும் இடுங்கள். பின்னால் உள்ள கிளைகளை இருண்ட திரளுக்குள்ளேயே பாதி மறைய விடுங்கள். அடுத்து, ஒளி வரும் இடப்பக்கத்தில் மட்டும் வெளிறிய ஓக்கரைத் தூரிகையின் முனையால் புள்ளி புள்ளியாக வையுங்கள்; பவளத்தின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்காது, சின்னஞ்சிறு கிண்ணங்களால் ஆனது அது. கடைசியாக ஒவ்வொரு நுனியிலும் வெள்ளையில் துளி மஞ்சள் கலந்து ஒரு பொட்டு: இந்த வகைப் பவளத்தில் வளரும் நுனி வெளிறியே இருக்கும்.

உருண்டைப் பவளத்துக்கு ஸ்பாஞ்ச் துண்டு போதும்; இருளிலிருந்து வெளிச்சத்துக்கு மூன்று சாயல்களை மேல்நோக்கி ஒற்றிக்கொண்டே போகலாம். மேசைப் பவளத்தில் கவனிக்க வேண்டியது அதன் அடிப்பக்க நிழல் ஒன்றுதான்.

பவளத்தின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். உயிருள்ள பவளங்கள் பெரும்பாலும் பழுப்பு, மங்கிய மஞ்சள், ஆலிவ் பச்சை ஆகிய நிறங்களில்தான் இருக்கின்றன. அவற்றின் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகளே அந்த நிறத்தைத் தருகின்றன. நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது அந்தப் பாசிகள் வெளியேற்றப்பட்டு, பவளம் வெளுத்துவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இந்த வெளுப்பு கடுமையாக நேர்ந்தது. அழகுக்காகத் தூய வெள்ளைப் பவளத்தைத் தீட்டும்போது நாம் ஒரு நோயைத் தீட்டுகிறோம். இளஞ்சிவப்பும் ஊதாவும் வேண்டுமென்றால் முன்புறத்தில் ஓரிரு இடங்களில் மட்டும் வையுங்கள். பழுப்புகளுக்கு நடுவே அவை தாமாகவே ஒளிரும்.

மணலும் ஒளிவலையும் கடற்புல்லும்

மணலுக்கு வெள்ளையில் எல்லோ ஓக்கரும் இரண்டாவது நீர்க் கலவையும் சேருங்கள். கரையில் காணும் மஞ்சள் மணலை இங்கே கொண்டுவரக் கூடாது. தொலைவுக்குப் போகப்போக ஓக்கரைக் குறைத்து, மணல் நீரோடு கரைந்துபோகும்படி முடித்துவிடுங்கள். தரைக்கும் நீருக்கும் நடுவே ஒரு கோடு தெரியவே கூடாது.

அலைகள் வில்லைகளைப் போல ஒளியைக் குவிப்பதால் மணலில் ஆடும் ஒளிவலை ஆழம் குறைந்த கடலின் கையொப்பம் போன்றது. லைனர் தூரிகையில் மையின் பதத்துக்கு நீர்த்த முதல் கலவையை எடுத்து, வளைந்த பக்கங்களுள்ள ஒழுங்கற்ற கண்ணிகளாக வரையுங்கள். கோடுகள் சந்திக்கும் முடிச்சுகளில் சற்றுத் தடிமனாகவும் வெளிச்சமாகவும், நடுவில் மெலிந்து அறுந்தும் இருக்க வேண்டும். முன்னால் கண்ணிகள் அகலமாகவும், பின்னால் போகப்போகத் தட்டையாகி ஒன்றோடொன்று நெருங்கியும் இருந்தால்தான் தரை படுத்திருப்பதாகத் தெரியும். இந்த வலை மணலோடு நிற்பதில்லை. உருண்டைப் பவளத்தின் உச்சியிலும் மீனின் முதுகிலும் அது ஏறி இறங்கும். அங்கேயும் இரண்டொரு கீற்றுகள் வையுங்கள்.

கடற்புல்லுக்கு அதே லைனர். தாலோ கிரீனும் பர்ன்ட் சியன்னாவும் லெமன் எல்லோவும் கலந்த பச்சை. அடியில் அழுத்தி, நுனியில் தூரிகையைத் தூக்கிவிடும் ஒரே வீச்சு. எல்லாப் புற்களும் நீரோட்டத்தின் ஒரே திசையில் சாய வேண்டும்.

கிளிமீன்

பவளத்தைக் கொத்திச் சுரண்டித் தின்று, அதை மணலாக வெளியேற்றும் கிளிமீன் இந்தக் காட்சிக்குச் சொந்தக்காரன். அதன் உடலைச் சாக்பீஸ் பென்சிலால் குறித்து, முதலில் நீர்க் கலவையோடு சாம்பல் சேர்ந்த நடுத்தரச் சாயலில் முழுவதும் நிரப்புங்கள். முதுகை இருளாக்கி, வயிற்றை வெளிறச் செய்யுங்கள். வயிற்றின் அடிவிளிம்பில் மணலிலிருந்து எழும் வெளிச்சத்தை மெல்லிய கோடாகக் காட்டுங்கள். காய்ந்தபின் தாலோ கிரீனைக் கிளேசிங் மீடியத்தில் கலந்து உடல் முழுவதும் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தால், அடியில் உள்ள இருளும் வெளிச்சமும் தெரியும்படியே மீன் பச்சை நீலமாகும். செதில்களை ஒவ்வொன்றாக வரைய வேண்டாம். தோளருகே ஐந்தாறு செதில்களின் ஓரத்தில் கிரிம்சன் கலந்த இளஞ்சிவப்பைத் தொட்டாலே மற்றவற்றைக் கண் நிரப்பிக்கொள்ளும்.

கிளிமீன் வாலை ஆட்டி நீந்துவதில்லை, பக்கத் துடுப்புகளைச் சிறகுபோல வீசித்தான் வழக்கமாக நகர்கிறது. ஆகவே உடலை நேராகவும், பக்கத் துடுப்பை விரித்தும் வரையுங்கள். கண்ணுக்கு மஞ்சள் வளையம், கரும்பாவை, அதன் மேல் இடப்பக்கத்தில் ஊசிமுனையளவு வெள்ளை. அலகின் வெண்மையைச் சற்று நீலமாக்கிவிடுங்கள்.

பின்னால் சிறுமீன் கூட்டம் வேண்டுமானால், நீரின் சாயலைவிட ஒரு படி இருண்ட சிறு வீச்சுகள் போதும். அவற்றில் ஓரிரண்டு திரும்பும்போது வெயில் பட்டுப் பளிச்சிடும்.

கடைசி வேலைகள்

குமிழிகளை வாரி இறைக்காதீர்கள். அலை உடையும் இடத்திலோ, யாராவது மூச்சு விடும் இடத்திலோதான் குமிழி வரும். அதற்குப் பதிலாக நீரில் மிதக்கும் துகள்களைச் சேர்த்தால் தண்ணீரின் பருமன் உடனே தெரியும்: மீனையும் பவளத்தையும் தாளால் மறைத்துவிட்டு, பல் துலக்கும் பிரஷில் நீர்த்த வெளிர்நீலத்தை எடுத்து, கட்டைவிரலால் வருடி, கதிர்கள் விழும் பகுதியில் மட்டும் மிகக் குறைவாகத் தெறிக்கவிடுங்கள்.

பிறகு படத்தைக் கைப்பேசியில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நடுத்தொலைவுப் பாறை முன்புறப் பவளத்துக்கு இணையாக இருண்டிருந்தால், அதன்மேல் இரண்டாவது கலவையைக் கிளேசிங் மீடியத்தில் கரைத்து ஒரு படலமாகப் பூசுங்கள். பாறை ஒரு சாண் பின்வாங்குவதைக் கண்ணால் காணலாம். இந்த ஒரு பூச்சுக்காகவே நான் அக்ரிலிக்கை விரும்புகிறேன். அடியில் உள்ளது காய்ந்து உறுதியாகிவிட்டதால், எதையும் கலைக்காமல் அதன்மேல் தண்ணீரை ஊற்றுவதுபோலத் தொலைவை ஊற்றலாம்.

வார்னிஷ் அடிக்க இரண்டு வாரமாவது பொறுத்திருங்கள். பளபளப்பான வார்னிஷ் ஆழ்ந்த நீலங்களுக்கு உயிர் தரும், ஆனால் ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் கண்ணைக் கூசும். பளபளப்பு குறைந்த சாட்டின் வகையில் மெல்லிய இரண்டு கோட் என் விருப்பம்.

தூரிகை கழுவிய தண்ணீரை அப்படியே கழுவுதொட்டியில் கொட்டாதீர்கள். அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக். சாக்கடை வழியே அது போய்ச் சேரும் இடம் கடல். தூரிகையில் எஞ்சிய வண்ணத்தை முதலில் துணியில் துடைத்து எடுத்துவிட்டு, கழுவிய நீரை ஒரு பழைய வாளியில் இரண்டு நாள் தெளியவிட்டு, மேலே நிற்கும் நீரை நெருக்கமான துணியில் வடிகட்டிய பிறகே வெளியேற்றுங்கள். அடியில் தங்கும் வண்டலை வெயிலில் காயவைத்தால் ஒரு தோலைப் போல உரிந்து வரும். அதைக் குப்பையில் சேர்த்துவிடலாம்.